அண்ணாவி

பாஸ்போர்ட் படிவத்தில் ஒரு கட்டம்
குடும்பப் பெயர் கேட்கிறது.
வண்ணார்பேட்டை நெட் சென்டரில்
எழுத்துக் கட்டைமேல் விரலை வைத்துக்கொண்டு
பையன் காத்திருக்கிறான்.
"இனிஷியல்தான்ணே இருக்கு. விரிச்சுச் சொல்லுங்க."

விரித்துச் சொன்னால் அது ஓர் ஆள் இல்லை,
ஒரு கூப்பிடுதல்.

அண்ணாவி என்றால் வாத்தியார்.
மணலில் விரல் பிடித்து அகரம் எழுதவைத்தவரை
ஊர் அப்படித்தான் சொல்லும்.
எங்கள் தெருவில் அப்படிச் சொல்லப்பட்டவர் ஒரே ஒருவர்,
மிஷனில் மாதம் ஒன்றரை ரூபாய்ச் சம்பளம்.
தெருவுக்குள் அவர் அண்ணாவி.
கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால்
'ஏல.'
பாலத்துக்கு இந்தப் பக்கம் காலில் கிடந்த செருப்பு
அந்தப் பக்கம் கக்கத்தில்.

அவர் போனார், சொல் போகவில்லை.
மகன் செங்கல் சுமந்தான். அண்ணாவி.
பேரன் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்கினான்.
அவனும் அண்ணாவி.
சண்டை முடிந்து திரும்பியவன் கொண்டுவந்தது
பட்டாளத்தான் விற்றுவிட்டுப் போன ஒரு கிளாரினெட்,
பதினோரு இசைத்தட்டு.

தட்டு நடுவில் ஒட்டிய தாளில் பெயர்கள்.
ஒருவன் டியூக். ஒருவன் கவுண்ட்.
"கவுண்டனா? அப்ப கோயம்புத்தூர்ப் பக்கம்"
என்றாராம் டிரம் அடிக்கிற மோசே.
இன்னொருவன் குட்மேன்.
அந்தக் காலத்தில் வீட்டுக்காரரை
மரியாதையாய் அழைத்த சொல்லாம் அது,
அழைத்து அழைத்து வம்சத்தில் ஒட்டிக்கொண்டதாம்.
அகராதியில் பார்த்தேன்.
இவனுக்கு எந்த வழியில் வந்ததோ, தெரியாது.

டியூக்கும் கவுண்டும் எந்த ராஜாவும் கொடுத்ததில்லை.
வாசித்த ஓட்டலில் முன்வாசல் கிடையாது.
மிஸ்டர் என்று சொல்ல
வாய் வராத ஊர்கள்.
பெயரையே பிரபு என்று வைத்துக்கொண்டால்
திட்டுகிறவனும்
பட்டம் சொல்லித்தானே திட்டியாக வேண்டும்?

இது எனக்குப் பிடிபட்டது
முக்கூடல் பக்கம் ஒரு கல்யாணத்தில்.
மாப்பிள்ளை குதிரையில், ஜெனரேட்டர் வண்டி பின்னால்,
அதன் புகைக்குள் நாங்கள் பதினான்கு பேர்
சிவப்புக் கோட்டும் மஞ்சள் குஞ்சமுமாய்.
பெண் வீட்டுப் பெரியவர் சொடக்குப் போட்டார்.
"ஏல பேண்டு, பேரென்னல?"
"அண்ணாவி."
"ஒன் பேரக் கேட்டேன்."
"அதான் பேரு. வீட்டுப் பேரு."
வேகாத கிழங்கைப் போல
அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார்.
பிறகு வேறு வழியில்லாமல்,
"ஏல அண்ணாவி, அந்தக் குத்துப்பாட்ட வாசி."

மோசேயின் பேரன்
சிரிப்பைச் சிம்பலால் மறைத்துக்கொண்டான்.

குத்துப்பாட்டையே வாசித்தேன்.
நடுவில் ஒரு திருப்பத்தில் மட்டும்
தட்டில் கேட்டதை நுழைத்தேன்,
தாளத்தை ஒரு மயிரிழை பின்னுக்குச் சாய்த்து.
யாருக்கும் தெரியவில்லை.
குதிரை நடையை மாற்றியது.

இப்போது சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில்
ஆறு மாத வேலை.
ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பழைய ஸ்விங் மட்டும்,
கறுப்புக் கோட்டு அவர்களே தருவார்கள்.
கடிதம் 'மிஸ்டர் அண்ணாவி' என்று ஆரம்பிக்கும்.
மிஸ்டரும் மாஸ்டரிலிருந்து தேய்ந்ததுதானாம்.
வாத்தியார் வாத்தியார்!
பெஞ்சிலிருந்து எழுந்து நிற்கலாம் போல இருக்கிறது.

"எத்தனை 'என்' போடணும்ணே?"
"ரெண்டு. தாராளமாப் போடு."
தட்டி முடித்து, திரையை என் பக்கம் திருப்பினான்.
சீலாஸ். அண்ணாவி.
"எல்லாம் சரியா? எதுவும் விட்டுப்போச்சா?"

மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தேன்.
'ஏல'வை நிரப்ப
கட்டமே இல்லை.